பாக முகவரின் ஞாயிற்றுக்கிழமைகள்

நான் அரசியலுக்கு வந்ததற்குக் கொள்கை, கோட்பாடு எதுவும் காரணமில்லை. எங்கள் தெருச் சாக்கடைதான் காரணம். ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் சந்து. ஒரு மழைக்காலம் முழுக்க வாசலில் கழிவுநீர் நின்றது. பத்து வருடம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால், மனு எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை. எழுதினேன், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன், விடாமல் அலைந்தேன். அடைப்பை எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஜாம்பஜார் பக்கம் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர்.

"இன்னா மேடம், இம்மாம் பேர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு வந்துகீறீங்க. எங்க பசங்களால ஆவாத வேல இது" என்றார். நான் காபி கொடுத்தேன். அவர் உறுப்பினர் படிவம் கொடுத்தார்.

என் கணவருக்கு தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டி, லைனிங் துணியும் புடவை ஃபால்ஸும் விற்கும் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் அப்பா காலத்தில் வந்த கடை. கம்பெனி வேலையை விட்டபிறகு மத்தியானங்களில் நானும் அங்கே உட்காருவேன். படிவத்தைப் பார்த்துவிட்டு அவர், "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார். சங்கு யார், ஆண்டி யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே எனக்கு இன்னொரு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். படிப்பையோ வேலையையோ பாதியில் விட்ட பெண்கள் மறுபடி வேலைக்குப் போவதற்கு வழிகாட்டும் குழு ஒன்று அங்கே கூடும். தன்னார்வலர் ஒருவருக்கு ஒரு பெண், ஒரு வருடம். சம்பளம் கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு. அந்த அறைக்குள் கட்சியும் மதமும் பேசக் கூடாது என்பது விதி. இன்னொரு வழக்கமும் இருந்தது. என்ன சொல்லிக் கொடுப்பதாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் அந்தப் பெண் தன் வீட்டு நடப்பைப் பேச வேண்டும், நாங்கள் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல், இப்படி. வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒருத்தியை வேலைக்குத் தயார் செய்ய முடியாது என்பது குழுவின் வாதம். ஆரம்பத்தில் எனக்கு அது வெறும் வம்பளப்பாகத் தெரிந்தது. பிறகு அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் போனேன்.

மூன்றாவது வருடம் எனக்கு வந்த பெண்ணுக்கு முப்பத்தாறு வயது, என்னைவிட எட்டு வயது இளையவர். ராயப்பேட்டையிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் உருது பேசும் குடும்பம். அப்பா தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்து இறந்துபோனவர். பி.காம். இரண்டாம் வருடத்தில் கல்யாணம். கணவர் விட்டுப் போனதும் அம்மாவிடம் திரும்பி வந்துவிட்டார். வாடகை வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளித்தான் அந்த வீடு, ஆனாலும் அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இன்டர்வியூ ஒத்திகையில், "உங்க பலவீனம் என்ன?" என்று கம்பெனிக் குரலில் கேட்டேன். "பசி மேடம். பன்னெண்டு மணிக்கு மேல எதுவும் காதுல ஏறாது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இதற்கிடையில் கட்சியில் என்னைப் பாக முகவர் ஆக்கினார்கள். வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாகத்துக்கு ஏழெட்டுத் தெரு, ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் நமக்குப் போடுவார்கள், யார் இழுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்சியின் பாக முகவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பாகத்தில் எங்கள் சந்தும் இருந்தது, அவருடைய சந்தும் இருந்தது.

கட்சி வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்கள் கூட்டத்தில் நான் பேச ஆரம்பித்தால் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிரீச்சிடுவது நின்றுவிடும். தெருவில் குழாய் உடைந்தால் எனக்குத்தான் முதலில் போன் வரும். ஆனால் கட்சிக்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். பதினொரு மணிக்குக் கூட்டம் என்பார்கள், பன்னிரண்டரைக்குத் தொடங்கும், ஆனாலும் பதினொன்றுக்கே போய் முகத்தைக் காட்ட வேண்டும். நான் கோபாலபுரத்திலிருந்து பத்தே முக்காலுக்கே கிளம்பத் தொடங்கினேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எது ஆறு, எது சேறு என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு அன்று, முதல் பத்து நிமிடத்தில், அந்தப் பெண் சொன்னார்: "வீடு மாறிட்டோம் மேடம். மேடவாக்கம், அக்கா வீடு. மூட்ட தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு."

என் போன் மேஜைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. பகுதிக் கூட்டத்துக்கு எத்தனை பெண்களைக் கூட்டி வருவேன் என்று வட்டச் செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் அவருக்குப் பதில் அனுப்பிக்கொண்டே, மறு கையால் நோட்டில் 'வீடு மாறினார்கள், மேடவாக்கம்' என்று எழுதினேன். ஏன் மாறினார்கள், எத்தனை நாளைக்கு என்று எதையும் கேட்கவில்லை. "சரி, பயோடேட்டாவ எடுங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் நான் போகவில்லை. அந்த இடைவெளியில் அவருக்கு இன்டர்வியூ வந்தது, அடையாறில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேஜை வேலை. தனியாகத் தயார் செய்துகொண்டு போய் வேலையை வாங்கிவிட்டார். 'கெடச்சிருச்சி மேடம்' என்று எனக்குச் செய்தி அனுப்பியபோது நான் பூத் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தேன். கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் கூட்டத்தைக் கவனித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வாக்காளர் பட்டியலைத் திருத்தும் வேலை நடந்தது. எங்கள் பாகத்துக்குப் பொறுப்பான அலுவலர் ஓர் அங்கன்வாடி டீச்சர். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, செருப்பு தேய அலைந்தார். கடைசியில் ஒரு மாலை, எல்லாக் கட்சி முகவர்களையும் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்கு வரச் சொன்னார். படிவம் திரும்பி வராத பெயர்களைக் கதவு எண்ணோடு ஒவ்வொன்றாகப் படித்து, இறந்தவரா, இடம் மாறியவரா, ஆளே தெரியவில்லையா என்று எங்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். சின்னக் குழந்தைகளின் பெஞ்சுகளில் முட்டி இடிக்க நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பெயர்களுக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை.

"இந்த வீட்டுக்கு மூணு தடவ போய்ட்டேன்" என்றார் டீச்சர். "இடிச்சுப் போட்டிருக்காங்க. அம்மா ஒருத்தங்க, பொண்ணு ஒருத்தங்க. எங்க இருக்காங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

எதிரிக் கட்சிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் கதவு எண்ணைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"நிரந்தரமாப் போயிட்டாங்க டீச்சர். மேடவாக்கம். எனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க."

"கன்ஃபர்மா மேடம்?"

"கன்ஃபர்ம்."

'நிரந்தரமாக' என்ற சொல்லை யாரும் என் வாயில் போடவில்லை. அந்தப் பெண்ணின் எண் என் கைப்பையில் இருந்த போனில் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. எங்கே போனாலும் அங்கே பதிந்துகொள்வார்கள் என்று ஒரு சமாதானம் மனதில் ஓடியது உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. மற்ற மூன்று பேரும் விழிக்கிற இடத்தில் எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முந்திரிக்கொட்டைத்தனம் என்று எங்கள் அம்மா என்னைச் சின்ன வயதில் திட்டுவது இதற்குத்தான். டீச்சர் எழுதினார். நாங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து பெஞ்சுக்காரர், "மேடம் கையில தெருவே இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வரைவுப் பட்டியல் வெளியானது. மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து போன்.

"மேடம், எங்க ரெண்டு பேர் பேரும் லிஸ்ட்ல இல்ல. ஹவுஸ் ஓனரு வீட்ட இடிச்சுக் கட்றாரு, ஆறு மாசத்துல திரும்ப வந்துரலாம்னு எழுதியே கொடுத்துகீறாரு. எப்படி மேடம் எடுத்தாங்க? அம்மா நேத்துலேர்ந்து சாப்புடல. ரேஷன் கார்டு, அப்பா டெத் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வெச்சிக்கினு, நம்மள எங்க அனுப்புவாங்கன்னு கேட்டுக்கினே கீறாங்க."

'பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் யாரையும் எங்கேயும் அனுப்பிவிட மாட்டார்கள், மறுபடி சேர்க்க நாள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் பேரை வைத்துக்கொண்டு, அவர் மதத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமலும் இல்லை.

வட்டச் செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்ய, அது நம்ம ஓட்டாச்சே மேடம்! அந்த சந்து மொத்தமும் நம்மளுது. நம்ம ஓட்ட நாமளே எடுத்தா இன்னா அர்த்தம்?"

அந்த அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவரே தெளிந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆவல மேடம். டீச்சரு தெரியாம எடுத்துட்டாங்கன்னு சொல்லிடுங்க. நீங்களே ஃபார்ம் எடுத்துக்கினு நேரா போய் சேத்துக் குடுங்க. அந்தம்மா சாவுற வரைக்கும் மறக்காது."

எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

மேடவாக்கத்தில் அது இரண்டாம் மாடி வீடு. அக்கா குடும்பத்து ஐந்து பேரோடு இவர்கள் இரண்டு பேர். அந்த அம்மா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார். அவசரமாகக் கேசரி கிண்டியிருந்தார்கள். படிவத்தை நான் நிரப்பினேன். புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கான படிவம் அது. அறுபத்தேழு வயதில் புதிய வாக்காளர். நிக்காஹ் முடிந்த வருடம் முதன்முதலில் ஓட்டுப் போட்டதையும், அன்றைக்கு மாமியாரோடு ரிக்‌ஷாவில் போனதையும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லையாம்.

"எங்க பேர யாரு கண்ணு எடுத்தது?" என்று கேட்டார்.

"கணக்கெடுக்கறப்போ வீடு இடிஞ்சு கெடந்துச்சில்ல, அதப் பாத்துட்டு எடுத்துட்டாங்கம்மா."

"எடுத்தவங்க கை வெளங்காம போவ" என்றார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேணாம், வேணாம். அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும். நீ சாப்புடு கண்ணு. அல்லா உன்ன நல்லா வெச்சிருப்பான்."

மகள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி முழுவதையும் சாப்பிட்டேன்.

என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட மகள் கூட வந்தார். தெருமுனையைத் தாண்டினோம். பிறகு, "நேத்து லீவு போட்டுட்டு டீச்சரப் போய்ப் பாத்தேன் மேடம்" என்றார். "'உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான் நீங்க மேடவாக்கம் போய்ட்டதா சொன்னாங்க'ன்னு டீச்சர் சொன்னாங்க. பேரு சொல்லல. ஆனா மேடவாக்கம்னு ராயப்பேட்டப் பக்கம் நான் உங்ககிட்ட மட்டும்தான் மேடம் சொன்னேன்."

அப்படியானால் நான் படியேறி வந்தபோதே அவருக்குத் தெரியும். கேசரித் தட்டை என் கையில் கொடுத்தபோதும் தெரியும்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "தப்பு என்னோடதுதான். டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல. வாங்க, இப்பவே திரும்பிப் போய் அம்மாகிட்டயும் சொல்லிடுறேன்."

"வேணாம் மேடம்." குரல் உயரவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு இப்பதான் சாப்ட்டாங்க. நீங்க வந்து சேத்துக் குடுத்தீங்கன்னுதான் தெம்பா கீறாங்க. எடுத்ததும் நீங்கதான்னு தெரிஞ்சா, இனிமே எந்த பேப்பர எடுத்துக்கினு யாரு வந்தாலும் கதவத் தொறக்க மாட்டாங்க. ஓட்டுப் போடவும் வர மாட்டாங்க."

"அப்போ நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அவங்க கும்புட்டா வாங்கிக்கங்க." பிறகு சொன்னார்: "அன்னிக்கு வீடு மாறினத நான் உங்களுக்குத்தான் சொன்னேன். உங்க கட்சிக்குச் சொல்லல."

பேருந்து வந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் நினைவில்லை. கேட்டிருப்பேன். பேருந்தில் உட்கார்ந்ததும் அழுதது நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் குழுவின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டு, அந்தப் பெண் வேறு ஒருவரிடம் மாற விரும்புகிறார், காரணம் சொல்லவில்லை என்றார். காரணத்தை நானே சொன்னேன். அவர் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். மூன்று வருடத்து நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சரிடமும் போய், என் பேச்சை நம்ப வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், எனக்கு இன்னும் எவ்ளோ வீடு பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படிவத்தை எடுத்தார். அவருக்குக் கோபப்படக்கூட நேரமில்லை.

கட்சியை மட்டும் விடவில்லை. "ரெண்டுல ஒண்ண விடணும்னா இதத்தான விட்டிருக்கணும்?" என்று கணவர் ஒருநாள் கேட்டார். அந்த இரண்டு பெயரும் பட்டியலில் ஏறுகிறவரை பதவி வேண்டும் என்று சொன்னேன். அது நியாயமான பதில். பெயர்கள் ஏறிய பிறகும் விடவில்லை. அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை. மறுபடி அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது முழுவதும் கட்சிக்குத்தான்.

தேர்தல் நாளில் நான் வாக்குச்சாவடிக்குள் முகவராக உட்கார்ந்திருந்தேன். உள்ளே கட்சிக் கரை போட்ட துணி, பேட்ஜ் எதுவும் கிடையாது. சுவரோரம் ஒரு பெஞ்சில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, அலுவலர் ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்கும்போது அவரவர் கையிலுள்ள பட்டியலில் டிக் அடிப்போம். பத்து மணி வாக்கில் அந்த அம்மா வந்தார். புது வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பின்னால் மகள்.

அலுவலர் அம்மாவின் பெயரைப் படித்தார். பட்டியலின் கடைசிப் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தது. டிக் அடித்தேன். மை வைத்த விரலைப் பிடித்தபடி மறைப்புக்குப் பின்னால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர், பெஞ்சில் என்னைப் பார்த்துவிட்டார். நேராக என் முன்னால் வந்து நின்று என் தலையில் கை வைத்தார்.

"இந்தப் பொண்ணு இல்லன்னா இன்னிக்கி எனக்கு ஓட்டே இல்ல" என்று அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரிக் கட்சிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "நல்ல பேரு வாங்கிட்டீங்க மேடம்" என்றார். எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல எனக்கு இருந்தது. சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர் ஐந்தடி தூரத்தில், விரலில் மை வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

நான் அந்த அம்மாவைக் கும்பிட்டேன்.

"வாங்க அம்மி, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் மகள், அம்மாவிடம்.